முஷ்தரீயின் மெய்நிறம்

இரவு வானில், பெரும்பாலான நாள்களில், வெள்ளிக்கு அடுத்தபடியாக ஒளி மிகுந்து விளங்கும் கோள் வியாழன். அரபு மொழியில் அதற்கு ‘முஷ்தரீ’ என்று பெயர். அச்சொல்லுக்கு ‘வாங்குபவன்’ என்ற பொருளும் உண்டு. வாணிபம் அறிந்த நம் குடும்பங்களுக்கு அப்பெயர் ஒன்றை நினைவூட்டாமற் போகாது. நல்ல வாங்குபவன் சரக்கைப் புரட்டிப் பாராமல் விலை பேசுவதில்லை. அக்கோளைப் பற்றி இன்று நம் கைகளுக்கு வந்து சேரும் படங்களையும் அவ்வாறே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீலமும் வெண்மையும் செம்மையும் ஒன்றோடொன்று குழைந்து, பாலில் கலந்த மையைப் போலச் சுழித்தோடும் மேகங்களைக் காட்டும் படங்கள் அவை. அவற்றுள் ஒன்றை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். “இது மெய்யாகவே எடுத்த படமா, யாராவது தீட்டிய ஓவியமா?” என்று அவர்கள் வினவினர். “எல்லாம் உட்கார்ந்த இடத்தில் வரைவதுதான்” என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். “விஞ்ஞானிகள் பொய் சொல்வார்களா?” என்றான் கல்லூரியிற் பயிலும் இளைஞன். இரண்டு விடைகளும் நமக்கு நிறைவளிக்கவில்லை. ஒன்று ஆராயாமல் மறுப்பது. மற்றொன்று ஆராயாமல் ஏற்பது. பிள்ளைகளின் வினாவோ ஆராய்ச்சியைக் கேட்டு நிற்கிறது.

வியாழன் பூமியைப் போல் 11 மடங்கு விட்டமுடையது; 318 மடங்கு நிறையுடையது. அவ்வளவு பேருருவம் 10 மணி நேரத்திற்குள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றி விடுகிறது. பூமிக்கு மிக அண்மையில் வரும்போதும் அது ஏறத்தாழ 59 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1610ஆம் ஆண்டு சனவரியில் கலிலியோ தம் தொலைநோக்கியால் அதன் நான்கு பெரிய நிலவுகளைக் கண்டார். 1973இல் பயனியர் 10 கலமும், 1979இல் இரு வாயேஜர் கலங்களும் அதனைக் கடந்து சென்றன. 2011 ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா செலுத்திய ‘ஜூனோ’ என்னும் கலம், ஐந்தாண்டுகள் பயணம் செய்து, 2016 சூலையில் வியாழனை வலம்வரத் தொடங்கியது.

அதன் பாதை நீண்ட முட்டை வடிவானது. தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு 53 நாள்கள் ஆயின. அவற்றுள் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே கோளை ஒட்டிய பயணம். வட முனையிலிருந்து தென் முனை வரை, மேகங்களுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கலம் பாய்ந்து செல்லும். பிறகு கடுமையான கதிர்வீச்சிலிருந்து விலகி வெகுதொலைவு சென்றுவிடும்.

அக்கலத்திலுள்ள ‘ஜூனோகேம்’ என்னும் படக்கருவி, நாம் திருமண வீடுகளிற் காணும் கருவியைப் போன்றதன்று. நிலையாக நின்று ஒரு நொடியிற் படம் பிடிக்க அதற்கு வாய்ப்பில்லை. கலம் நிமிடத்திற்கு இரண்டு முறை சுழன்றுகொண்டே இருக்கிறது. ஆகவே, கலம் சுழலச் சுழலக் கோளின் உருவத்தைக் கீற்றுக் கீற்றாகவே அது பதிவு செய்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ண வடிகட்டிகளும், மீத்தேன் வாயு விழுங்கும் ஒளியை மட்டும் நோக்கும் நான்காவது வடிகட்டியும் அதில் உண்டு. பூமிக்கு வந்து சேர்வன சாம்பல் நிறக் கீற்றுகளே. அவற்றைக் கலத்தின் சுழற்சிக்கும் நகர்ச்சிக்கும் ஏற்பத் திருத்தி, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, வண்ணங்களைச் சேர்த்தாற்றான் முழுப்படம் கிடைக்கும்.

அவ்வாறு இணைத்த பின்பு, கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே வண்ணத்தை நிறுத்தினால் வியாழன் எப்படி இருக்கும்? வெளிறிய பாலாடை நிறமும், மங்கிய பழுப்புப் பட்டைகளுமாகவே இருக்கும். அந்த ஆழ்ந்த நீலமும், நெருப்பையொத்த செம்மையும் அங்கே இல்லை. மெல்லிய நிற வேறுபாடுகளை மிகுத்துக் காட்டியதால் வந்தவை அவை. அப்படியாயின் அது பொய்யா? அன்று. மங்கிய எழுத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் படிப்பவர் எழுத்தை மாற்றுவதில்லை. சுழிகளின் எல்லைகளும், மேகத்தின் மேல் மேகம் எழும்பி நிற்கும் உயரங்களும் அம்மிகையாலேயே புலனாகின்றன. ஆனால், மிகுத்ததை மிகுத்தது என்று சொல்லாமல் விட்டால், அப்போது அது பொய்யின் எல்லையை மிதிக்கிறது.

இவ்விடத்திலேதான் ஜூனோகேமின் சிறப்பு விளங்குகிறது. பொதுமக்களையும் இம்முயற்சியில் பங்குபெறச் செய்வதற்கென்றே அது கலத்தில் வைக்கப்பட்டது. கேண்டிஸ் ஹான்சன் என்னும் பெண் அறிஞர் அதன் பொறுப்பை ஏற்றார். பக்குவப்படுத்தப்படாத கீற்றுகள் வந்தவாறே உலகின் முன் வைக்கப்பட்டன. எவரும் எடுக்கலாம், இணைக்கலாம், ஆராயலாம். கணிதம் கற்றவர்களும், கணிப்பொறிப் பணியாளர்களும், ஓவியர்களும் தத்தம் வீடுகளிலிருந்தே அவற்றைப் படமாக்கினர். நாம் வியந்து பார்க்கும் படங்களிற் பல அவர்கள் கைவண்ணமே. சரக்கை மூடி வைக்காமல் மூட்டையை அவிழ்த்துக் காட்டும் வணிகனையே மக்கள் நம்புவர். மூலப்படம் திறந்து கிடப்பதால், ஒருவர் செய்த மிகையை மற்றொருவர் அளந்து சொல்ல முடிகிறது.

இந்த முறையால் கிடைத்த செல்வம் சிறிதன்று. வியாழனின் வட முனையில் நடுப் புயல் ஒன்றைச் சூழ்ந்து எட்டுப் புயல்களும், தென் முனையில் ஒன்றைச் சூழ்ந்து ஐந்து புயல்களும் அணிவகுத்துச் சுழல்வதாக 2018இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அவை ஒவ்வொன்றும் பல ஆயிரம் கிலோமீட்டர் அகலமுடையவை. பூமியையே விழுங்கத்தக்க அகலமுடைய பெருஞ்செம்புள்ளிக்கு நேர் மேலாக 2017 சூலையில் கலம் பறந்தது. அப்புயல் மேகங்களுக்குக் கீழே ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு மிகாத ஆழமே உடையது என்பதும் பின்னர் ஈர்ப்பு விசையை அளந்ததால் தெரிந்தது.

அக்கருவி பட்ட பாடும் அறியத்தக்கது. எட்டுச் சுற்றுகளேனும் தாங்கட்டும் என்றே அது அமைக்கப்பட்டது. முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகளை அது குறையின்றித் தாங்கியது. பின்னர்க் கதிர்வீச்சால் பழுதுற்றது. 56ஆம் சுற்றில் ஏறத்தாழ எல்லாப் படங்களும் கோடுகளும் புள்ளிகளுமாகச் சிதைந்தன. ‘அயோ’ என்னும் எரிமலை நிலவை 2023 திசம்பர் 30ஆம் நாள் மிக அருகிற் காணும் வாய்ப்போ நெருங்கிக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கருவியை எவர் சென்று பழுது பார்ப்பது? கொல்லன் உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துவது போல, கருவியிலுள்ள வெப்பமூட்டியை முழு அளவில் இயக்கினர் பொறியாளர். சில நாள்களுக்கு முன்பு வரை பயனற்றுக் கிடந்த கருவி, குறித்த நாளில் அயோவின் மலைகளைத் தெளிவாகக் காட்டியது. சிதைந்த படத்தையும் மறைக்காமல் சிதைந்தது என்று சொன்னதாலேயே, தெளிந்த படத்தின் மீது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

ஒளியின் இயல்பை ஆராய்ந்த பஸரா நகரத்து அறிஞர் இப்னு ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாற்றான் காட்சி உண்டாகிறது என்று சோதனைகளின் துணையோடு நிறுவினார். பார்வையும் பிழைபடக்கூடும் என்பதை விரிவாக எழுதினார். முன்னோர் நூல் என்பதற்காக மட்டும் எதனையும் ஏற்றல் தகாது, உண்மையை நாடுபவன் தன் தீர்ப்பையும் ஐயுற வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்கு உரிமை கொண்டாடும் நாம், அவர் காட்டிய வழியைக் கைவிடலாமா?

ஆகவே, பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் விடை இது: படத்திலுள்ள புயல் மெய், அதன் உருவம் மெய், வண்ணத்தின் செறிவு மனிதர் கூட்டியது. எவ்வளவு கூட்டினர் என்பதை மூலத்தோடு ஒப்பிட்டு அறியலாம். கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் மூதுரை கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை, விசாரிக்கவே சொல்கிறது. வியாழனின் படத்தை விசாரித்துப் பழகும் பிள்ளை, நாளை தன்னிடம் வந்து சேரும் செய்தியையும், அண்டை வீட்டாரைப் பற்றிக் காதில் விழும் பழியையும் அவ்வாறே விசாரிக்கும். அப்பழக்கம் ஒன்றைப் பெற்றாலே, அத்தொலைதூரக் கோளின் படம் நம் வீட்டிற்கு வந்த பயன் நிறைவேறியதாகும்.