இடக்கைக்காரரின் வலக்கை நிழல்

கிரிக்கெட் மோகம் மிக்க நாட்டில் பிறந்த எனக்கு பேஸ்போல் மீது பற்று ஏற்பட்டது திரைப்படங்கள் ஊடாகவே. அவற்றுள் இரண்டை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்று, ஜோன் செய்ல்ஸ் இயக்கிய 'எயிட் மென் அவுட்' (1988). மற்றையது, கெவின் கொஸ்ட்னர் நடித்த 'ஃபீல்ட் ஒஃப் ட்ரீம்ஸ்' (1989). இரண்டிலும் ஒரே மனிதர் வருகிறார். அவர்தான் ஷூலெஸ் ஜோ ஜக்சன்.

1919ஆம் ஆண்டின் உலகத் தொடரில் சிக்காகோ வைட் சொக்ஸ் அணி சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் தோற்றது. சூதாடிகளிடம் பணம் பெற்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக எட்டு வீரர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜக்சன் 5,000 டொலர் பெற்றுக்கொண்டவர். ஆனால், அதே தொடரில் 32 வாய்ப்புகளில் 12 தடவை வெற்றிகரமாக அடித்தவரும் அவரே. 1921இல் ஜூரிமார் வீரர்களை விடுவித்தனர். மறுநாளே பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் அவர்களுக்கு ஆயுட்காலத் தடை விதித்தார்.

செய்ல்ஸின் படம் இந்த வரலாற்றை ஏறத்தாழ நடந்தவாறே சொல்கிறது. மற்றைய படமோ கற்பனை. தந்தை போற்றிய ஜக்சனைக் குற்றவாளி எனப் பழித்துவிட்டு வீட்டைவிட்டுச் சென்ற மகன், தந்தை இறந்து பல்லாண்டுகளின் பின்னர் தனது சோள வயலில் மைதானம் அமைக்கிறான். அங்கே ஜக்சன் வருகிறார். இறுதியில் தந்தையும் வருகிறார். ஜக்சன் இடக்கைத் துடுப்பாட்டக்காரர். அவராக நடித்த ரே லியோட்டாவோ வலக்கையால் அடிக்கிறார். விபரங்களைச் சரிபார்த்தே பழகிய பத்திரிகைக்காரனான எனக்கு இது நீண்டகாலம் உறுத்தலாகவே இருந்தது.

பிறகுதான் வேறொன்றைக் கவனித்தேன். செய்ல்ஸின் படத்தில், குற்றச்சாட்டு பொய்யென்று சொல்லும்படி ஒரு சிறுவன் ஜக்சனிடம் மன்றாடுகிறான். அக்காலப் பத்திரிகைகள் வாயிலாகப் பரவிய கதை அது. அப்படியொன்று நடக்கவேயில்லை என்று ஜக்சன் பிற்காலத்தில் மறுத்தார். நிருபர் ஒருவரின் கற்பனையாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அழகான ஒரு வாக்கியம் அகப்பட்டுவிட்டால் அதைச் சரிபார்க்க நிருபனின் கை தயங்கும். அந்தத் தயக்கத்திற்கு நானும் பணிந்ததுண்டு.

கை மாறிய தவறினால் எவருக்கும் தீங்கில்லை. கனவு கனவாகவே இருந்துவிடுகிறது. ஆனால், அந்தச் சிறுவனின் மன்றாட்டமோ ஜக்சனை 1951இல் இறக்கும்வரை விட்டகலவில்லை. 2025 மே மாதத்தில், இறந்தவர்களுக்குத் தடை இனிப் பொருந்தாது என அறிவிக்கப்பட்டபோது ஜக்சனின் பெயரும் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. தடையை நீக்க ஓர் ஆணையாளர் இருந்தார். பத்திரிகை பரப்பிய கதையை நீக்கத்தான் எவருமில்லை.