ஊசுட்டேரிக்கு ஒரு லென்ஸ், ஆயாவுக்கு ஒரு லென்ஸ்

புதுசா கேமரா வாங்கினவனை எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எத்தினி மெகாபிக்சல்?" ரெண்டாவது கேள்வி, "ஜூம் எவ்ளோ தூரம் போவும்?"

என்கிட்ட இருக்கிறது பானசோனிக் லூமிக்ஸ் ஜிஎக்ஸ்85. செகண்ட் ஹேண்ட். 2016-ல வந்த மாடல், 16 மெகாபிக்சல், கைக்கு அடக்கமான மிரர்லெஸ். கூடவே வந்த லென்ஸ் 12-32 மி.மீ., எடை வெறும் 70 கிராம். ஆகவே ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: எங்கேயும் போவாதுங்க.

பொட்டி தட்டி மிச்சம் பிடிச்ச காசுல இந்த வருஷம் ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம்னு முடிவு. எதை வாங்குறதுங்கிறதுதான் பிரச்சினையே.

அதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. எஸ்எல்ஆர் கேமராவுல லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல ஒரு கண்ணாடி இருக்கும். அதைத் தூக்கிட்டா கேமரா ஒல்லியாயிடும், அவ்ளோதான் மிரர்லெஸ். பானசோனிக்கும் ஒலிம்பஸும் சேர்ந்து 2008-ல மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்னு ஒரு பொது அளவு கொண்டு வந்தாங்க. அதனால இவங்க லென்ஸ் அவங்க கேமராவுல மாட்டும். ஒலிம்பஸ் தன் கேமரா தொழிலை 2021-ல ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸுக்குக் கைமாத்தி விட்டாலும் மவுண்ட் அதேதான். பழைய லென்ஸை தைரியமா வாங்கலாம்.

சரி, களத்துல நின்ன வேட்பாளர்களைப் பார்ப்போம்.

1. பறவைக்கு 100-300

வில்லியனூர்க்காரனுக்கு முதல் ஆசை ஊசுட்டேரிதான். புதுச்சேரியிலயே பெரிய ஏரி, 2008-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. மழை முடிஞ்சு ஏரி நிறைஞ்சா நாமக்கோழிங்க கூட்டம் கூட்டமா மிதக்கும்.

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா, கணக்கு போட்டேன். சென்சாரோட அகலம் 17.3 மி.மீ. 50 மீட்டர் தூரத்துல 32 மி.மீ. லென்ஸுக்குள்ள அடங்குற அகலம் 27 மீட்டர். நாமக்கோழி நீளம் சுமாரா 40 செ.மீ. படத்துல அது 68 பிக்சல் வரும். அதாவது கறுப்பா ஒரு பொட்டு. அதே இடத்துல 300 மி.மீ. இருந்தா 640 பிக்சல் கிட்ட வரும், கண்ணு மூக்கெல்லாம் தெரியும். ஆனா அந்த லென்ஸ் அரைக் கிலோவுக்கு மேல. கேமராவை விட லென்ஸ் கனம்.

2. கோயிலுக்கு ஒண்ணுமே வேணாம்

பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்துது. ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் கல்வெட்டு கூட அங்க இருக்கு. 12 மி.மீ.-ல விமானம் முழுசா வந்துடும், 32-ல கோஷ்டத்துச் சிற்பம் வந்துடும். வெளிச்சம் கம்மின்னா ஷட்டரை மெதுவா விட்டாப் போச்சு. கை நடுக்கத்தை கேமராவுக்குள்ள இருக்கிற ஸ்டெபிலைசர் பார்த்துக்கும், சிற்பம் எங்கேயும் நகராது.

கோயிலைப் பத்திப் படிக்கும்போதுதான் இன்னொண்ணு உறைச்சுது. நம்ம பாண்டி பிரெஞ்சு நிறுவனத்துல 1950-கள்லேருந்து எடுத்துச் சேர்த்த கோயில், சிற்பப் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல இருக்கு. கல்லுக்கெல்லாம் ஆவணம் இருக்கு. எங்க வீட்டு மனுஷங்களுக்கு?

3. மனுஷங்களுக்கு 45

பாகூர் பக்கத்துல எங்க ஆயா வீடு. கூடத்துல மாலையோட தொங்குற தாத்தா படம், வாக்காளர் அட்டையிலேருந்து எடுத்துப் பெருசு பண்ணது. தாத்தாவுக்குன்னு இருந்த ஒரே படம் அதுதான். ஸ்டுடியோக்காரர் புள்ளியெல்லாம் துடைச்சு, நீலத்துல பின்னணி குடுத்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் போட்டு விட்டார். தப்பு சொல்ல முடியாது, நாங்க குடுத்ததே தபால்தலை அளவுதான். ஆனா தாத்தா ஆயுசுக்கும் தோள்ல துண்டோட திரிஞ்ச ஆளு. அந்தச் சட்டைக்காரர் யாரோ மாதிரியே இருக்கார்.

ஆயாவுக்கு 80 தாண்டியாச்சு.

ஆறு மாசமா எடுத்த படங்களோட எக்ஸிஃப் தகவலை ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போட்டு எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல 32 மி.மீ.-ல எடுத்தது. அதாவது ஜூமைக் கடைசி வரைக்கும் திருப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தா தேவலைன்னு நின்ன படங்கள். முக்காவாசி மனுஷங்க மூஞ்சி. லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி நீங்களும் இதைப் பண்ணிப் பாருங்க மக்களே, எந்த விமர்சனக் கட்டுரையும் சொல்லாததை உங்க ஹார்ட் டிஸ்க் சொல்லும்.

அப்புறமென்ன, ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8. இதுவும் செகண்ட் ஹேண்ட்தான். 116 கிராம். ரெண்டு மீட்டர் தள்ளி உக்காந்து, கேமராவை நிமித்திப் பிடிச்சா 77 செ.மீ. உயரம் கிடைக்கும். தலையிலேருந்து மடியில வச்ச கை வரைக்கும் வந்துடும். கிட் லென்ஸ் 32-ல எஃப் 5.6 தான். இது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அங்க ஷட்டர் 1/10 நொடின்னா இங்க 1/100. ஸ்டெபிலைசர் என் கையைத்தான் நிறுத்தும், வெத்தலை மெல்லுற ஆயாவை நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் வேகம்தான் வேணும்.

நாமக்கோழி அடுத்த வருஷமும் வரும், அப்போ பார்த்துக்கலாம்.

துணைக்கு வாங்கினது:

* ஒரு பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 300 படம் தாண்டுறதே பெருசு.
* 37 மி.மீ. போலரைசர். ரெண்டு லென்ஸுக்கும் வாய் அளவு ஒண்ணுதான், ஒரே ஃபில்டர் போதும். ஏரித் தண்ணி மேல அடிக்கிற பளபளப்பு அடங்கும்.
* ரப்பர் விளிம்பு வச்ச பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர். கடல் காத்து அடிக்கிற ஊர், ஐப்பசி கார்த்திகை மழை வேற. அசந்தா லென்ஸுக்குள்ள பூஞ்சை கோலம் போட்டுடும். 40-லேருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சிருக்கேன். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமா டார்ச் அடிச்சுப் பார்க்க மறக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை திண்ணையில வச்சு ஆயாவை எடுத்தேன். "கட்டையில போற வயசுல எதுக்குடா இதெல்லாம்"னாங்க. எடுத்துக் காட்டினதும் கண்ணுகிட்ட வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"நல்லாத்தான்டா கீது. பத்திரமா எடுத்து வையி. அந்த ஸ்டுடியோக்காரன்கிட்ட சொல்லு, பொடவைய மாத்திப்புடப் போறான்."

பெருசா பிரிண்ட் போடக் குடுத்திருக்கேன். வந்ததும் மாட்டப் போறது ஆயா கட்டிலுக்கு எதிர்ல. மாலையெல்லாம் கிடையாது.

பி.கு: காசு இல்லைன்னா இன்னொரு வழி இருக்கு. தெரிஞ்ச ஸ்டுடியோவுல ஃபிலிம் காலத்து நிக்கான் 50 மி.மீ. சும்மா கிடக்கான்னு விசாரிங்க. நிக்கான்ல லென்ஸ் உக்கார்ற இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. தூரம், நம்மளதுல 19.25 தான். மிச்சம் 27 மி.மீ. சொச்சத்துக்கு ஒரு வெத்துக் குழாய்தான் அடாப்டர், உள்ள கண்ணாடி எதுவும் கிடையாது. ஃபோகஸைக் கையால திருப்பணும். பொறுமையா உக்கார்ற ஆயாவா இருந்தா சரி.