யாருக்காகப் படிக்கப் போகிறாய்?

ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் ஒருத்தி திருவள்ளூரில் இருக்கிறாள் என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பேச்சு, செவித் துறை இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி.யின் கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மேற்படிப்பு விண்ணப்பக் காலத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெண் வாயைத் திறப்பதற்குள் அப்பா கேட்டுவிடுவார்: "மைசூர்ல சீட் கிடைக்குமா மேடம்? இல்ல, லோன் போட்டு கனடாவுக்கே அனுப்பிடலாமா?"

நாடு, அப்புறம் காலேஜ், அப்புறம் ஃபீஸ், மிச்சம் மீதி நேரம் இருந்தால் பாடம். பெரும்பாலான வீடுகளில் பேச்சு இந்த வரிசையில்தான் போகிறது. கடைசியில் எதிரே வந்து உட்காரப்போகும் நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. இத்தனை வருட அனுபவத்தில் நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே ஒன்றுதான்: இந்த வரிசையைத் தலைகீழாக்கு. முதலில் ஆளைத் தீர்மானி. யாருடைய பேச்சுக்காக, யாருடைய காதுக்காகப் படிக்கப் போகிறாய் என்று தெரிந்துவிட்டால் பாடம் தெரியும். பாடம் தெரிந்தால் காலேஜ் தெரியும். நாடு கடைசியில் தானாக முடிவாகும்.

ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, நம் மாவட்டமே போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைகள் இருக்கின்றன. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் சத்தம்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. அந்தச் சத்தத்திலேயே வருடக்கணக்கில் நிற்பவருக்குக் காது மெல்ல மெல்லத் தேயும். "டிவியை ஏன் இவ்வளவு சத்தமா வைக்கிறீங்க?" என்று வீட்டில் சண்டை வந்த பிறகுதான் அது வெளியே தெரியும். அவருக்காக என்றால் நீ எடுக்க வேண்டியது ஆடியாலஜி.

அதே சிப்காட்டை ஒட்டிய வாடகை வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள். வீட்டில் ஒடியா, அங்கன்வாடியில் தமிழ். குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராவிட்டால், "ரெண்டு பாஷை கேட்டுக் கேட்டுக் குழம்பிப்போச்சு" என்று சுற்றியிருப்பவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இரண்டு மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு உண்மையில் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். இல்லையென்றால் வீட்டு மொழியில் குழந்தை பொரிந்து தள்ளும். அதைக் கண்டுபிடிக்க வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும். இது வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமல்ல. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் தெலுங்கு பேசுகிறார்கள். தமிழில் மட்டும் படம் காட்டிக் கேள்வி கேட்டு, "பின்தங்கிய குழந்தை" என்று எழுதி அனுப்பிவிட்டால் அந்தக் குழந்தைக்கு நாம் செய்வது அநியாயம். இந்தப் பிள்ளைகளுக்காக என்றால் நீ எடுக்க வேண்டியது ஸ்பீச் லாங்குவேஜ் பெதாலஜி.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு ஆலையில் கிரேன் ஓட்டியவர் அவர். ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாதங்கள் போனதில் கால் தேறியது, பேச்சு தேறவில்லை. டம்ளரைக் காட்டி "இது என்னங்க?" என்று கேட்டால், "அது... அது வந்து..." என்று தவிப்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி உடனே, "டம்ளருங்க, டம்ளர்னு சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்துவிடுவார். ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லச் சொன்னால் மளமளவென்று சொல்வார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றால் வாய் அடைத்துப்போகும். கொஞ்ச நேரம் திணறிவிட்டு, இடது கை விரலை மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் மூன்றில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்த்தீங்களா மேடம், எண்ணத் தெரியுது. கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறார். எல்லாம் வீம்பு."

வீம்பு இல்லை. அதற்குப் பெயர் அஃபேசியா. மனப்பாடமாக ஓடும் பேச்சு வேறு, வேண்டிய சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவது வேறு. இடது மூளையில் அடி பட்டால் இரண்டாவது போய் முதலாவது தங்கிவிடுவது உண்டு. இதை அந்த அம்மாவுக்குப் புரிய வைத்ததும், அவர் எடுத்துக்கொடுக்கும் முன் மனசுக்குள் பத்து எண்ணிக்கொள்ளச் சொன்னதும் என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி. அதோடு அவள் இன்னொன்றும் கவனித்தாள். கீழே நிற்பவர் காட்டும் கை சைகையைப் பார்த்தே கிரேன் ஓட்டிப் பழகியவர் இவர். தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையை அசைத்துக்கொண்டே சொல்லச் சொன்னபோது அந்தச் சொற்கள் முதலில் வந்தன. டம்ளர் வரப் பல வாரம் ஆனது.

அந்தப் பெண் வகுப்பில் முதல் மாணவி இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் நேற்று வரை என்ன வேலை பார்த்தார் என்று கேட்கத் தெரிந்தவள். மேற்படிப்புக்கு முதல் தகுதி அதுதான் என்பேன். அஃபேசியா நோயாளிகளுக்காக என்று அவள் தீர்மானித்த பிறகு, எந்தக் காலேஜில் நரம்பியல் வார்டோடு சேர்ந்து பயிற்சி தருகிறார்கள் என்ற ஒரு கேள்வியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறும். விழுங்குவதைச் சரிசெய்வதும் நம் தொழில்தான் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அதற்கும் பெரிய மருத்துவமனையில்தான் கை பழகும்.

இனி இடத்துக்கு வருவோம். இந்தத் துறையின் தாய்வீடு மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். மகாராஜா ஜெயசாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில் 1966இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். திருத்தணிக்காரர், நம்ம ஊர்க்காரர்! இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் மலரும், ஆனால் அதற்காக சீட் கொடுத்துவிட மாட்டார்கள். நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். சென்னையிலேயே போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா இருக்கிறது, மெர்ஃப் நிறுவனம் இருக்கிறது. ஒரு காலத்தில் எம்.எஸ்சி. என்றால் பேச்சும் செவியும் சேர்ந்தே இருந்தன. பிறகு பல இடங்களில் இரண்டும் தனித்தனிப் பட்டமாகப் பிரிந்தன. அதனால்தான் ஆளை முதலில் தீர்மானி என்கிறேன். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யும் நாளில் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

எந்தக் காலேஜாக இருந்தாலும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1992ஆம் வருடச் சட்டப்படி அந்த மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தொழில் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கட்டடம் பளபளவென்று இருக்கிறது என்று பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் அலையக் கூடாது.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்தியாவில் பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்துப் பதிவு செய்துவிட்டால் வேலைக்கு உட்காரலாம், எம்.எஸ்சி. என்பது ஆழம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்பீச் லாங்குவேஜ் பெதாலஜிக்கு முதுநிலைப் பட்டம்தான் வாசற்படி, அது இல்லாமல் உள்ளே போக முடியாது. அமெரிக்கச் சங்கமான ஆஷாவின் அந்தத் துறைச் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும். அதில் 25 மணி நேரம் கவனித்துப் பார்ப்பது, 375 மணி நேரம் நோயாளியோடு உட்கார்வது. அதன் பிறகு தேர்வு, அதற்கும் பிறகு மேற்பார்வையில் வேலை. அங்கே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆள் வேண்டும். அவர்களுக்காக என்றால் தாராளமாகப் போ. டாலரைப் பார்த்து மட்டும் போகாதே. லோன் வட்டி ஒரு பக்கம் இழுக்கும், பிடிக்காத வேலை இன்னொரு பக்கம் இழுக்கும்.

விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்கக் கடிதத்தைப் பல பிள்ளைகள் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். பாதிக் கடிதங்கள் "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று தொடங்கும். தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்த வரியைப் பார்த்ததும் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்த வரியை அடித்துவிட்டு ஒரே ஒரு நோயாளியை எழுது. காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி வைத்த குழந்தையிடம் தினமும் ஆறு ஒலியைச் சோதிப்போமே: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒலி கேட்டால் குழந்தை டப்பாவில் ஒரு மணியைப் போட வேண்டும். ஐந்துக்குப் போட்டுவிட்டு, 'ஸ்' சொன்னபோது மட்டும் மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்ததா? அதை எழுது. மிக உயர்ந்த அதிர்வெண் ஒலி காதில் விழவில்லை என்று நீ எப்படி ஊகித்தாய், கருவியைச் சரிபார்க்க யாரிடம் அனுப்பினாய், அதற்கு மேல் உனக்கு என்ன தெரியாமல் போனது, அதையும் எழுது. அந்தத் தெரியாமைதான் நீ மேலே படிக்கக் கேட்கும் காரணம். குழந்தையின் பெயரோ ஊரோ மட்டும் வேண்டாம். அது அந்தக் குடும்பத்தின் சொத்து.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான். பெரிய பெயர் உள்ள துறைத் தலைவரிடம் போய் நிற்கிறார்கள். அவருக்கு இந்தப் பெண்ணின் ரோல் நம்பர் தவிர ஒன்றும் தெரியாது. நோயாளி அழுதபோது நீ என்ன செய்தாய் என்று பக்கத்தில் நின்று பார்த்த மேற்பார்வையாளரிடம் கேள். அவர் எழுதும் நாலு வரிக்கு ஈடு கிடையாது. கடைசி நாளுக்கு முந்தின நாள் ஓடாமல், அவருக்கு நேரம் கொடுத்துக் கேள்.

இந்த வருடம் கிடைக்காவிட்டால்? பெற்றவர்கள் பயப்படுவது அதற்குத்தான். "ஒரு வருஷம் வீணாப் போயிடுமே மேடம், கல்யாண வயசு வேற." எனக்கு அந்தக் கவலை புரிகிறது. ஆனால் பட்டமும் பதிவும் கையில் இருப்பவளுக்கு அந்த வருடம் வீணாகாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வந்தன. அங்கே ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இடம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இம்ப்ளாண்ட் வைக்கிறார்கள். அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடியும், பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் ஓடும். கும்மிடிப்பூண்டியிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. பக்கத்திலேயே ஒருத்தி இருந்தால் அந்தக் கூலி மிஞ்சும், பயிற்சியும் விட்டுப்போகாது. அப்படி ஒரு வருடம் உட்கார்ந்தவள் அடுத்த வருடம் எழுதும் கடிதத்தை நான் திருத்த வேண்டியே இருக்காது.

ஆகவே பிள்ளைகளே, விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நீங்கள் பயிற்சியில் பார்த்தவர்களில் விட்டுவர மனம் வராதவர் யார் என்று எழுதுங்கள். உருட்டாலைத் தொழிலாளியா, பேசாத பிள்ளையா, சொல் தொலைத்த தாத்தாவா? பதில் கிடைத்தால் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள், லோனைப் பற்றி அப்புறம் பேசலாம். பதில் வராவிட்டால் இந்த வருடம் விண்ணப்பிக்காதீர்கள், வேலைக்குப் போங்கள். நாலு மாதம் நோயாளிகளோடு உட்கார்ந்தால் பதில் வந்துவிடும். அப்போது விண்ணப்பிக்கும் கை தயங்காது.