துளையைக் காப்பதே வேலை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்று ஒரு சிற்றூர். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-ல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இப்போது இங்கேதான் இயங்குகிறது. வீட்டிலேயே விமானம் கட்டுவதற்கு இவர்கள் விற்கும் ‘கிட்’களிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் உருவாகிப் பறந்திருக்கின்றன. அந்த வட்டாரத்தில் ஒரு தம்பதி, தங்கள் கார் ஷெட்டில் இரண்டு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டிவருகிறார்கள். ரிவெட் அடிப்பதைப் பார்க்கத்தான் போனேன். மனதில் நின்றதோ, அடித்த ரிவெட்டைக் கழற்றும் வேலை.

விமானத்தின் தோல், ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அலுமினியக் கலவைத் தகடு. வெல்டிங் வைத்தால் அதன் வலு போய்விடும். அதனால் தகட்டையும் உள்சட்டத்தையும் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளே சேர்த்துப் பிடிக்கின்றன. இவற்றில் பலவற்றை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே கணவர், காற்றழுத்தத்தில் இயங்கும் ரிவெட் கன்னை ரிவெட்டின் தலை மேல் அழுத்திப் பிடிக்கிறார். மனைவி உள்ளே கையை நுழைத்து, பக்கிங் பார் எனப்படும் கனத்த உலோகக் கட்டியால் மறுமுனையைத் தாங்குகிறார். கன் சில விநாடிகள் படபடவென்று அடிக்க, அந்த முனை நசுங்கிப் பரவி இரண்டாவது தலையாகிறது.

தீர்ப்புச் சொல்வது அந்த அம்மாள்தான். 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால், பரவிய தலையின் அகலம் ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர், உயரம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சிறு அளவுகோல் ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அடி போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அடித்தால் சரியாகிவிடும். பார் சாய்ந்ததால் தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தால் கழற்ற வேண்டியதுதான். அப்படி ஒன்று என் கண்ணெதிரிலேயே வந்தது.

கணவர் கன்னை வைத்துவிட்டு டிரில்லை எடுத்தார். இந்த வகை ரிவெட்டின் தலை நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி இருக்கும். எந்தக் கலவையில் செய்த ரிவெட் என்பதற்கான அடையாளம் அது. கழற்றும்போது டிரில்லுக்கு வழிகாட்டுவதும் அதுவே. பிட்டின் நுனியைக் குழியில் வைத்து முதலில் கையாலேயே சில சுற்றுகள் சுற்றினார். நுனி நழுவாது என்று தெரிந்த பிறகே மெதுவாக ஓட்டினார். தலையின் ஆழம் வரை மட்டும். தகட்டைத் தொடக் கூடாது. அந்தத் துளையில் மெல்லிய பஞ்ச் ஒன்றைச் செருகி லேசாகச் சாய்த்ததும், சோடா பாட்டில் மூடிபோலத் தலை கழன்று வந்தது. மனைவி பின்னாலிருந்து மரக்கட்டையால் முட்டுக்கொடுக்க, மிச்சத் தண்டைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றினார். உள்ளே விழுந்த துண்டைத் தேடி எடுக்கும் வரை அடுத்த வேலை இல்லை. உலோகத் துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும், பறக்கும்போது உருண்டுபோய்க் கட்டுப்பாட்டு இணைப்புகளில் சிக்கலாம்.

இத்தனை கவனமும் துளைக்காகத்தான். ரிவெட் போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். டிரில் வழுக்கித் துளை அகன்றால் தண்டு அதை இறுக்கமாக நிரப்பாது, பிடிப்பு தளரும். ‘ஊப்ஸ் ரிவெட்’ என்று சிறிய தலையும் பருத்த தண்டுமாக ஒன்று கிடைக்கிறது. அகன்ற துளையை அது காப்பாற்றலாம். அதுவும் ஓரளவுக்குத்தான். அகன்ற துளை தகட்டின் விளிம்பை நெருங்கிவிட்டால் பாகத்தையே மாற்ற வேண்டும். எனவே, சற்றே குறையுள்ள ரிவெட்டை அப்படியே விடுவதா, கழற்றுவதா என்பதே இந்தத் தொழிலின் கடினமான கேள்வி. அன்று வேறொரு ரிவெட்டில் லேசான கோணல் இருந்தது. இருவரும் விளக்கடித்துப் பார்த்தார்கள், அளந்தார்கள், அளவுக்குள் இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கழற்றும் வேலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 2023-ல் எல்லோரும் கண்டார்கள். லேசரால் வெட்டிய சில பாகங்களில், ரிவெட்டின் தலை பதிவதற்காகத் துளையைச் சுற்றிக் குழித்தபோது அதன் விளிம்பில் விரிசல் விடுவது தெரியவந்தது. மாற்றுப் பாகங்கள் தருவதாக வான்ஸ் அறிவித்தது. ஏற்கெனவே கட்டி முடித்திருந்த பாகத்தை மாற்ற வேண்டுமானால், ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக டிரில் செய்து பிரிக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது. 2024-ல் மீண்டு வந்தது.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு அமெரிக்க விதி ஒன்று உண்டு. கட்டுகிறவர்கள் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பெரும்பகுதி வேலையைத் தாங்களே செய்திருக்க வேண்டும். முடிவில் ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஆனால் மூடிய இறக்கைக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிவெட்டையும் அவரால் பார்க்க முடியாது. அதற்குப் பொறுப்பு, பாரைப் பிடித்த கைதான்.

உலோகத் தொழில் கற்றுத்தரும் எந்தப் பட்டறைக்கும் இதைச் சொல்வேன்: கழிவுத் தகட்டில் மாணவர்களை ரிவெட் அடிக்க விடுங்கள், அடித்ததை அவர்களே துளை கெடாமல் கழற்றட்டும். அதன் பிறகு நல்ல தகட்டைக் கையில் கொடுங்கள்.