கழுவித் திருப்பிக் குடுங்க

தீபாவளிக்கு முன்னால வீட்டுச் சுவர்ல பேந்த இடத்தைப் பூசணும், என்ன கரண்டி வாங்கலாம்னு போன வாரம் அன்னதானப் பந்தியில ரெண்டு பேர் கேட்டாங்க. பரிமாறிக்கிட்டே சொல்ல முடியல, அதனால இங்கே எழுதறேன். முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்.

சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் குடமுழுக்கு 12 பிப்ரவரி 2023-ல நடந்துச்சு. அதுக்கு முன்னால திருப்பணி நடந்தப்போ, சுதை வேலைக்கு ஊர்லேருந்து வந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட கரண்டி ஒண்ணு இரவல் வாங்கினேன். எங்க வீவக வீட்டுக் குளியலறைக் கதவோரம் பூச. ஞாயித்துக்கிழமை பூசி முடிச்சிட்டு, அலுப்புல அதை அப்படியே போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில சிமெண்ட் கல்லாயிருந்துச்சு. ஸ்குரூடிரைவரால சுரண்டினதுல விளிம்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிடுச்சு.

அவர் திட்டல. கட்டை விரலால விளிம்பைத் தடவிப் பார்த்து, "தம்பி, இனிமே இது பூசற இடத்துல எல்லாம் கோடு போடும்"னார். ஜாலான் புசார்ல புதுசு வாங்கிக் கொண்டு போனேன், வேணாம்னுட்டார். இருபது வருசமா அவர் கைக்குத் தேஞ்சது அது. புதுசு எப்படி ஈடாகும்?

1827-ல இந்தக் கோயிலை உண்டாக்கின நாராயண பிள்ளையே செங்கல் சூளை வச்சவர்தான், பினாங்குலேருந்து கொத்தனார்களை வரவழைச்சவர். அப்படிப்பட்ட கோயில்ல போயி இப்படிப் பண்ணிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். கடையில கரண்டியைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு விளிம்பைப் பாருங்க, வளைவு இருக்கக் கூடாது. தகடும் பிடியும் சேர்ற இடம் ஆடக் கூடாது. எப்பவாவது பூசறவங்களுக்கு எவர்சில்வர் நல்லது, நம்ம ஊர் ஈரத்துல இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சின்ன ஓட்டைக்குச் சின்னக் கரண்டி போதும். புதுசோட மூலை கூரா இருந்தா சுவரைக் கீறும். உப்புத்தாளால லேசா தேய்ச்சுக்குங்க.

வேலை செய்யறப்பவே பக்கத்துல ஒரு வாளித் தண்ணி இருக்கட்டும். இறுகறதுக்குள்ள நார் பிரஷால தேய்ச்சுக் கழுவுங்க, முக்கியமா பிடி சேர்ற கழுத்தை. அங்கதான் சிமெண்ட் ஒளிஞ்சுக்கும். துடைச்சுக் காயவச்சு, இரும்புன்னா மெஷின் எண்ணெய் லேசா தடவுங்க. அடுத்த தடவை அந்த எண்ணெயைத் துடைச்சிட்டுத்தான் பூசணும். ஜிப்சம் கலக்கறவங்க வாளியையும் சுத்தமா வச்சுக்கணும். பழைய கட்டி ஒட்டியிருந்தா புதுக் கலவை கையில இருக்கும்போதே இறுகிடும். கழுவின தண்ணியை சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, குழாய் அடைச்சுக்கும்.

அவர் வேணாம்னு சொன்ன கரண்டி எங்க வீட்டு ஸ்டோர்ரூம் கதவுக்குப் பின்னால தொங்குது. வேணுங்கறவங்க சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வரேன். கழுவித் திருப்பிக் குடுங்க.