ஒன்பதில் ஒரு பங்குச் சேணம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் பிரேயர்ஃபெஸ்ட் விழாவில் மாதிரிக் குதிரைகளுக்கான தோல் சேணங்களைப் பார்ப்பவர்கள், அவற்றை நிஜச் சேணத்தின் சுருங்கிய நகல் என்றே எண்ணுவார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். சேகரிப்பாளர்களிடையே பரவலாக உள்ள, பிரேயர் நிறுவனத்தின் மாதிரிக் குதிரைகள் 1:9 அளவிலானவை. ஆனால், தோல் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. மாட்டிடையர் சேணத்தின் 5 மில்லிமீட்டர் தோலை அரை மில்லிமீட்டருக்கு மேல் சற்றே இருக்கும்படி சீவிவிடலாம். 18 மில்லிமீட்டர் வாரை 2 மில்லிமீட்டராக நறுக்கலாம். தையலை என்ன செய்வது? அங்குலத்துக்கு 7 தையல் என்பது இங்கே 63 ஆகிவிடும். அத்தனை துளை குத்தினால், தபால்தலைத் தாளைப் போல வார் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். ஆகவே, சிலர் குறைவாகத் தைக்கிறார்கள். சிலர் பல்சக்கரத்தை உருட்டித் தையலின் தடத்தை மட்டும் பதித்து, வாரைப் பசையால் ஒட்டுகிறார்கள். இது ஏமாற்று அல்ல. எதை விட்டால் பார்வைக்கு உண்மை கெடாது என்று தேர்ந்தெடுக்கும் திறமை.

எடையின் சிக்கல் இதைவிடப் பெரியது. நீளம் ஒன்பதில் ஒன்றானால், எடை 729-இல் ஒன்றாகிவிடும். 14 கிலோ சேணம் 20 கிராமைத் தொடாது. நிஜக் குதிரையில் அங்கவடி தன் பாரத்தால் தானே தொங்கும். இங்கே அது விறைத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை விரும்புகிறார்கள். நனைத்தால் இளகி, காய்ந்ததும் கொடுத்த வடிவத்திலேயே நின்றுவிடும் தோல் அது. புவியீர்ப்பு செய்யாத வேலையை ஈரமும் விரலும் செய்கின்றன.

யாரும் ஏறாத சேணத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு, பொம்மைதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாரம் தாங்காத பொருளுக்குச் சோதனையே இல்லை என்பது அவர்கள் கருத்து. ஆனால், மாதிரிக் குதிரைப் போட்டிகளில் நடுவர்கள் அழகை மட்டும் பார்ப்பதில்லை. கயிறு வீசிக் கன்று பிடிக்கும் காட்சி என்றால், சேணத்தின் பின்பகுதி மேலெழாமல் காக்கும் பின்வயிற்று வார் இருக்கிறதா, அது பின்னுக்கு நழுவிக் குதிரையை மிரளச் செய்யாதபடி முன்வாருடன் இணைக்கும் பட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நிஜக் குதிரை அசையும்போது பிசகிய வாரை இழுத்துச் சரிசெய்யலாம். அசையாத குதிரையிலோ பிழை எப்போதும் கண்ணெதிரே நிற்கும்.

லேசர் வெட்டும் முப்பரிமாண அச்சும் கைவேலையை ஒழித்துவிடும் என்ற மறுப்பில் பாதி உண்மை உண்டு. கொக்கிகளுக்கும் வாய்க்கம்பிகளுக்கும் இயந்திர நேர்த்தி நல்லதுதான். ஆனால், ஒவ்வொரு தோல்துண்டும் வெவ்வேறாக நீளும். எங்கே சீவ வேண்டும், எங்கே தடிமனை விட வேண்டும் என்பதை அதைத் தொடும் கைதான் முடிவு செய்யும். வீட்டு மேசையில் தனியாக உழைக்கும் இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிடம் விலை பேசுவோர் தோலின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஆனால், அளவு குறையக் குறைய முடிவுகள் கடினமாகின்றன. கூலியை அந்த முடிவுகளுக்குத்தான் கணக்கிட வேண்டும்.