கோணிய சிரிப்பு

இரண்டாவது பிரசவமாகி இருபதாம் நாள். தொரப்பள்ளியில் நல்ல மார்கழிக் குளிர். காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது கடைவாயோரம் ஒழுகுகிறது! கண்ணாடியில் பார்த்தேன். வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது. இடது கண் மூடவே இல்லை.

"பனிக்காத்து அடிச்சிடுச்சு" என்று மாமியார் சுடவைத்த எண்ணெயோடு வந்துவிட்டார். நல்லவேளை, இவர் உடனே ஓசூருக்கு அழைத்துப் போனார்.

"புருவத்தைத் தூக்கும்மா" என்றார் டாக்டர். இடது நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மூளையில் வரும் பக்கவாதமென்றால் பெரும்பாலும் நெற்றி சுருங்குமாம். இது முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பின் வீக்கம். 'பெல்ஸ் பால்ஸி' என்று பெயர். பிள்ளை பெற்ற சமயத்தில் வருவதுண்டாம். மூன்று நாளைக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். (வாய் கோணினால் இதுவா அதுவா என்று வீட்டிலேயே தீர்மானிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!) கண் உலராமலிருக்க சொட்டு மருந்து, ராத்திரி பிளாஸ்திரி.

சோற்றை மெல்ல முடிந்தது. மெல்லும் தசைக்கு ஐந்தாவது நரம்பாம். ஆனால் கன்னத் தசை தளர்ந்ததால் பருக்கை உள்ளேயே தங்கிவிடும், விரலால் எடுக்கவேண்டும்.

"கை கால் தசை எலும்பை அசைக்கும், முகத் தசை தோலைத்தான் அசைக்கும். அழுத்தித் தேய்க்காதீங்க" என்றார் பிஸியோதெரபி பெண். கடைவாயிலிருந்து கன்ன எலும்பை நோக்கி, இரண்டு விரலால், மெதுவாக. சிரிப்புத் தசை ஓடும் வழி அதுதானாம்.

ஆறாம் வாரம் குழந்தை முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் இடது கடைவாய் நூலளவு மேலேறியதை மாமியார்தான் முதலில் பார்த்தார்.